நிறைமாதத் தகப்பன்

தொப்பியின் முன்விளிம்பில் ஒரு சின்னக் கருவி. தூக்கத்தில் தலை தொங்கினால் சுருக்கென்று ஷாக் அடிக்கும். அதை மாட்டிக்கொண்டு பாரிஸில் ஒரு கண்ணாடித் தொட்டியின் முன்னால் காத்துக் கிடந்தார் பிரெஞ்சு அறிவியல் பட இயக்குநர் ழான் பேன்லெவே. இது அவரே சொன்ன கதை. கொஞ்சம் உப்புமிளகு சேர்த்திருந்தாலும் ஆச்சரியமில்லை. தொட்டிக்குள் இருந்தது நிறைமாதக் கடல்குதிரை. ஆண்.

ஆணேதான். பெண் கடல்குதிரை முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் சேர்த்துவிடும். அவை கருவுறுவதும் அங்கேதான். வெறும் பை என்று நினைத்துவிடாதீர்கள். அதன் உட்சுவர் ரத்த நாளங்கள் அடர்ந்து தடித்து, ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியே பொதிந்துகொள்கிறது. கருக்களுக்கு ஆக்சிஜன் அந்த வழியாகத்தான் போகிறது. உள்ளே இருக்கும் நீரின் உப்புகூட, நாளாக ஆகக் கடல்நீரின் அளவை நெருங்குகிறது. வெளியே வந்த கையோடு குஞ்சுகள் உப்பில் திணறக் கூடாதே! பிறகு வலி எடுக்கிறது. உடல் முன்னும் பின்னும் வளைய, பையின் வாய் திறந்து, கொத்துக் கொத்தாகக் குஞ்சுகள் தெறிக்கின்றன. இந்தக் காட்சிக்காகத்தான் அந்தத் தொப்பி.

பேன்லெவே 1902இல் பிறந்தவர். தந்தை கணித அறிஞர், பிரான்ஸின் பிரதமராகவும் இருந்தவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, 1928இல் ஒரு மீன்முட்டையின் வளர்ச்சியைப் படமாக்கி அறிவியல் அகாடமியில் போட்டுக் காட்டினார். சினிமாவெல்லாம் ஒரு விஷயமா என்று கோபித்துக்கொண்டு ஓர் அறிஞர் எழுந்து போய்விட்டார்.

கடல்குதிரைப் படம் 1934இல் வந்தது. ஆர்க்காஷோன் விரிகுடாவில் நீருக்கடியில் எடுத்த காட்சிகளும் அதில் உண்டு. கேமராவை நீர் புகாத பெட்டிக்குள் வைத்து, முன்பக்கம் கண்ணாடி பொருத்தினார். மூச்சுக்கு, மேலே ஆள் நின்று கையால் பம்ப் அடிக்க வேண்டும். காற்று குழாயில் வந்துகொண்டே இருக்கும். ஃபிலிம்தான் சில நொடிகளில் தீர்ந்துவிடும். மேலே வா, சுருளை மாற்று, மறுபடி முங்கு. படம் நன்றாக ஓடியது. கடல்குதிரை வடிவ நகைகள்கூடச் சந்தைக்கு வந்தன.

1989இல் மறைவதற்குள் 200க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்துவிட்டார். அறிவியல் படம் என்றால் முகத்தை உம்மென்று வைத்திருக்க வேண்டும் என்று அவர் ஒருபோதும் நினைக்கவில்லை. கடல்குதிரைப் படத்தின் முடிவையே பாருங்கள்: பின்னணியில் குதிரைப் பந்தயம் பறக்கிறது, முன்னால், அவசரமே இல்லாமல், நம் கடல்குதிரைகள் மிதந்துகொண்டிருக்கின்றன.