பேசின் பிரிட்ஜ் ஏன் ஒரு ஸ்டவ்னிங்கைத் தரவில்லை?

சென்ட்ரலுக்கு இன்னும் சில நிமிடங்களே இருக்கும்போது ரயில் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக நின்றுவிடுவது சென்னைப் பயணிகளுக்குப் பழகிப்போன விஷயம். அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே தெரிவது இந்தியத் தொழிற்சங்க வரலாறு தொடங்கிய நிலம். மேற்கே புளியந்தோப்பு, அதைத் தாண்டிப் பெரம்பூர். கிழக்கே பழைய வண்ணாரப்பேட்டை, இராயபுரம், துறைமுகம். வடக்கே திருவொற்றியூர், எண்ணூர். பஞ்சாலை, ரயில்வே பணிமனை, மின் நிலையம், துறைமுகம் என்று கூலி உழைப்பின் எல்லா வகையும் சில மைல் தூரத்துக்குள் அடங்கிய பகுதி இது. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று இங்கேதான் பிறந்தது. ஐந்தாண்டு கழித்து, 1923 மே 1 அன்று, இந்தியாவின் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். அதற்கு மறு ஆண்டு, 1924 ஏப்ரலில், கோபன்ஹேகனில் சுருட்டுத் தொழிலாளி ஒருவர் டென்மார்க்கின் பிரதமரானார். தொழிற்சங்க மேடையிலிருந்து ஆட்சிப்பீடத்துக்கு அங்கே போட முடிந்த பாதை, இவ்வளவு முன்னதாகத் தொடங்கியும் இங்கே ஏன் பாதியில் நின்றது என்ற கேள்வி, வடசென்னையின் இன்றைய நிலையைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

அந்தச் சுருட்டுத் தொழிலாளி, தோர்வல்ட் ஸ்டவ்னிங், 1873இல் கோபன்ஹேகனின் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சுருட்டுகளைத் தரம் பிரித்து அடுக்குவது அவருடைய தொழில். அந்தத் தொழிலின் சங்கத் தலைவராகி, 1906இல் நாடாளுமன்றம் சென்று, 1910இல் சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவரானார். 1924இல் முதன்முறை பிரதமர். 1926இல் பதவி போனது. 1929இல் மீண்டும் வந்து 1942இல் இறக்கும்வரை இருந்தார். தரங்கம்பாடியில் 1620இல் கோட்டை கட்டி, 1845இல் ஆங்கிலேயருக்கு அதை விற்றுவிட்டுப் போன நாடு என்ற அளவில்தான் டென்மார்க்கைத் தமிழர்களுக்குத் தெரியும். அந்தச் சின்ன நாடு சமூக நலனுக்குப் பேர்போனதில் ஸ்டவ்னிங்குக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அவர் வீட்டைக் கட்டியவர்தான். அஸ்திவாரம் அவருக்கு முன்பே போடப்பட்டுவிட்டது.

அந்த அஸ்திவாரத்தின் பெயர் 1899 செப்டம்பர் ஒப்பந்தம். அந்த ஆண்டு டேனிஷ் முதலாளிகள் பல்லாயிரம் தொழிலாளர்களை வெளியே நிறுத்திக் கதவடைப்புச் செய்தார்கள்; சுமார் நூறு நாள் நீடித்தது. முடிவில் இரு தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஆலையை நடத்தும் உரிமை முதலாளிக்கு; சங்கம் வைத்துக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமை தொழிலாளிக்கு. ஒப்பந்தக் காலத்தில் வேலைநிறுத்தமோ கதவடைப்போ கூடாது. அரசாங்கம் இதில் நடுவராக அமரவில்லை. பிறகு 1907இல் வந்த சட்டம், சங்கங்களோடு இணைந்த வேலையின்மை நிதிக்கு அரசு மானியம் தந்தது. ஆக, வேலை போனால் கைகொடுப்பதும் சங்கம், கூலியைப் பேசுவதும் சங்கம் என்றானது. இன்றும் டென்மார்க்கில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் கிடையாது. ஊதியம் ஒப்பந்த மேசையில் முடிவாகிறது. மேசையில் இடம் பிடித்த சங்கத்துக்குச் சட்டம் இயற்றும் இடத்திலும் ஆள் தேவைப்பட்டது. கட்சி அந்தத் தேவையில் வளர்ந்தது.

பெரம்பூரில் கதை வேறு திசையில் போனது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அருகிலிருந்த செல்வபதி செட்டியாரின் கடைக்கு வந்து தங்கள் குறைகளைக் கொட்டுவார்கள்: நீண்ட வேலை நேரம், சோற்றை விழுங்கவும் போதாத மதிய இடைவேளை, மேஸ்திரிகளின் அடி உதை. அவரும் இராமானுஜலு நாயுடுவும் ஏற்கெனவே நடத்திவந்த வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்தி சபையிலிருந்துதான் சங்கம் முளைத்தது. பி.பி.வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். சங்கத்தோடு பேச நிர்வாகம் விரும்பவில்லை. 1920ஆம் ஆண்டுப் பூசலில், அந்த ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் உயர் நீதிமன்றம் போய், தொழிலாளர்களை ஒப்பந்தம் மீறத் தூண்டினார்கள் என்று வாடியா முதலானோர் மீது வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவும் வாங்கியது. வாடியா சங்கத்திலிருந்து விலகினார், வழக்கு கைவிடப்பட்டது. சங்கம் வைப்பதே குற்றமாகலாம் என்ற அந்த அதிர்ச்சிதான், தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷியின் முயற்சி வழியாக, 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வித்திட்டது. அந்தச் சட்டம் சங்கத்துக்குப் பதிவும் பாதுகாப்பும் தந்தது. ஆனால் முதலாளி சங்கத்தை அங்கீகரித்தே ஆகவேண்டும் என்று அது சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தம் உடைந்ததற்குச் சாதி அல்லவா காரணம்? உண்மைதான். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தங்கள் தலைவர் எம்.சி.ராஜாவின் வழிகாட்டலில் வேலைக்குத் திரும்பினார்கள்; மற்றவர்கள் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, கலவரம் மூண்டது, துப்பாக்கிச் சூடு நடந்தது, போராட்டம் தோற்றது. டென்மார்க்கில் இப்படியொரு பிளவு இல்லை. ஆனால் அன்றாடங்காய்ச்சியாக, சேமிப்பும் கடன் கொடுப்பாரும் இல்லாமல் வாழ்ந்த ஒரு சமூகத்தை மாதக்கணக்கில் பட்டினி கிட என்று கேட்கும் உரிமையை அந்தச் சங்கம் சம்பாதித்திருந்ததா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கோபன்ஹேகனில் வேலை இழந்தவனுக்குச் சங்க நிதி சோறு போட்டது. புளியந்தோப்பில் அப்படி எதுவும் இல்லை. அங்கீகாரம் பெற்று, எல்லோருக்கும் பொதுவான கூலியைப் பேசி வாங்கித் தந்திருந்தால் சாதி மறைந்திருக்காது. ஆனால் சங்கத்தில் இருப்பதால் லாபம் உண்டு என்று சேரி மக்களும் கண்ணால் கண்டிருப்பார்கள். அங்கீகரிக்காத நிர்வாகத்துக்கு ஒவ்வொரு பிரிவோடும் தனித்தனியே பேசும் வசதி இருந்தது. சாதி இருந்த விரிசல். அங்கீகார மறுப்பு அதில் அடிக்கப்பட்ட ஆப்பு.

அடுத்த திருப்பம் 1947. போர்க்காலப் பாதுகாப்பு விதிகளிலிருந்த கட்டாயத் தீர்ப்பு முறையை நிரந்தரமாக்கித் தொழில் தகராறுகள் சட்டம் வந்தது. தகராறு எழுந்தால் அரசு சமரசம் பேசும். முடியாவிட்டால் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும். அனுப்பலாமா வேண்டாமா என்பது அரசின் விருப்பம். இது தவறான வழி என்று சொன்னவர் ஒருவர் இருந்தார்: ரயில்வே தொழிற்சங்கத்திலிருந்து வந்து, ராஜாஜி, பிரகாசம் அமைச்சரவைகளில் சென்னை மாகாணத் தொழிலாளர் அமைச்சராக இருந்த வி.வி.கிரி. இரு தரப்பும் நேருக்கு நேர் பேசித் தீர்த்துக்கொள்ளப் பழக வேண்டும், கட்டாயத் தீர்ப்பு கடைசிக் கருவியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். மத்தியத் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது, வங்கி ஊழியர் தீர்ப்பை அரசு திருத்தியதை எதிர்த்து 1954இல் பதவி விலகினார். பின்னாளில் குடியரசுத் தலைவரானார், ஆனால் அவர் கேட்ட முறை வரவில்லை. சங்கத் தலைவரின் கண் ஆலை வாசலிலிருந்து கோட்டை வாசலுக்குத் திரும்பியது. அமைச்சரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்றால், ஆளுங்கட்சியின் கொடியைச் சங்கத்தில் ஏற்றுவதே புத்திசாலித்தனம். 1947 மே மாதமே காங்கிரஸ் சார்பில் ஐ.என்.டி.யு.சி. தொடங்கியது, தி.மு.க.வின் தொழிலாளர் முன்னேற்றச் சங்கம் 1970இல் வந்தது. டென்மார்க்கில் சங்கங்கள் தோள்கொடுத்துக் கட்சியை வளர்த்தன. இங்கே கட்சிகள் தமக்கென்று சங்கங்களை வைத்துக்கொண்டன.

ஸ்டவ்னிங்குக்கு மிக அருகில் வந்த வடசென்னைக்காரர் என்று எஸ்.சி.சி.அந்தோணிப்பிள்ளையைச் சொல்லலாம். இலங்கையில் பிறந்து, லங்கா சமசமாஜக் கட்சியில் அரசியல் கற்று, போர்க்காலத்தில் இந்தியா வந்தவர். 1946இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். 1947இல் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் அவர் தலைமையில் சுமார் நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோபன்ஹேகனின் நூறு நாள் ஓர் உடன்படிக்கையில் முடிந்தது. பெரம்பூரின் நூறு நாளுக்கு அப்படியொரு முடிவு வாய்க்கவில்லை. 1957இல் வடசென்னை மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். துறைமுகத் தொழிலாளர்களிடையிலும் பல்லாண்டு உழைத்தார். அவருக்கு நம்பிக்கையும் வாக்கும் இருந்தன, ஆனால் ஒரு தொகுதியைத் தாண்டிய கட்சி இல்லை. அடுத்த தேர்தலில் தொகுதி காங்கிரசுக்கும், 1967இல் தி.மு.க.வின் நாஞ்சில் மனோகரனுக்கும் போனது.

ஆலைத் தொழிலாளர்கள் சிறுபான்மையாக இருந்த விவசாய நாட்டில் தொழிலாளர் கட்சி எப்படி ஆள முடியும் என்று கேட்கலாம். டென்மார்க்கும் அன்று வெண்ணெயும் பன்றி இறைச்சியும் ஏற்றுமதி செய்து பிழைத்த விவசாய நாடுதான். ஸ்டவ்னிங் ஒருபோதும் தனிப் பெரும்பான்மை பெறவில்லை. 1935இல் கிடைத்த 46 சதவீதமே உச்சம். அவர் கூட்டாளியைத் தேடினார். 1933 ஜனவரி 30 அன்று, பெர்லினில் ஹிட்லர் பதவியேற்ற அதே நாளில், கான்ஸ்லர்கேட என்ற தெருவிலிருந்த அவருடைய வீட்டில் விடியவிடிய நடந்த பேச்சு முடிவுக்கு வந்தது. விவசாயிகளுக்காக நாணய மதிப்பு குறைக்கப்பட்டது. தொழிலாளர்களுக்காகக் கூலிவெட்டும் கதவடைப்பும் தடுக்கப்பட்டன. சமூகப் பாதுகாப்புச் சட்டங்களுக்கு எதிர்த்தரப்பு வழிவிட்டது. அவர் பெயரிலும் கறை உண்டு: 1940இல் ஜெர்மானியப் படை நுழைந்த பிறகு அவருடைய அரசு அதனுடன் ஒத்துப்போனது. ஆனால் சிறுபான்மை வர்க்கம் பேரத்தின் மூலம் ஆளலாம் என்பதற்கு 1933 சாட்சி.

இன்னொரு மறுப்பு வலுவானது. மதிய உணவு, பொது விநியோகம், 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான சட்டம், அதைத் தொடர்ந்து நல வாரியங்கள் என்று தமிழ்நாடு தொழிலாளர் கட்சி இல்லாமலேயே நலன்களைச் சாதிக்கவில்லையா? சாதித்தது, அதைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையல்ல. ஆனால் நலத்திட்டம் குடிமகனுக்கு அரசு தருவது, கூலி ஒப்பந்தம் தொழிலாளி தானே பேசிப் பெறுவது. வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லாமல் பார்த்துக்கொண்ட அரசியல், வேலை செய்யும் இடத்தில் அவனுக்குப் பேச இடம் வாங்கித் தரவில்லை. 1996இல் பின்னி ஆலை மூடப்பட்டபோது அதைத் தடுக்கும் வலிமை எந்தக் கொடிக்கும் இருக்கவில்லை. இன்று எண்ணூர், மணலிப் பக்கம் ஒப்பந்தக்காரரின் கீழ் தினக்கூலிக்குப் போகிறவருக்கு ரேஷன் அட்டை உண்டு, சங்க அட்டை அரிது.

பழைய கதை என்று இதை ஒதுக்க முடியாது. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் முதன்மையானது தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். பதிவு பெறுவதற்கே விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போய், 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. 2020இல் நிறைவேறிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 51 சதவீத ஆதரவு உள்ள சங்கத்தைப் பேச்சு நடத்தும் சங்கமாக ஏற்கச் சொல்கிறது. ஆனால் வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு உள்ளிட்ட நிபந்தனைகளையும் அது இறுக்குகிறது. தலைவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை, வாடியா, திரு.வி.க., சிங்காரவேலர், கிரி, அந்தோணிப்பிள்ளை என்று வரிசை நீளம். குறைந்தது அவர்கள் உட்கார ஒரு மேசை. 1899இல் கோபன்ஹேகனில் முடிந்துபோன அந்த விவகாரம், பெரம்பூரில் கேட்கப்பட்டு நூறாண்டு கடந்தும், சென்னையை ஒட்டிய ஆலை வாசல்களில் இன்னும் கோரிக்கையாகவே நிற்கிறது.