ஒற்றை ஸ்வரமும் இரட்டை அலையும்

மாதுங்கா, செம்பூர், தாராவி என்று நம்மவர் வாழும் பகுதிகளில் கீபோர்டு பழகும் பிள்ளைகள் பலர். ஒரு கீர்த்தனையை வாசிக்கச் சொன்னால் ஸ்வரங்கள் சரியாக விழும். ராகம் மட்டும் எழும்பாது. "கட்டை வாத்தியத்தில் கமகம் ஏது?" என்பார்கள் பெரியவர்கள். அகில இந்திய வானொலி 1940-ல் ஹார்மோனியத்தை விலக்கியதற்கும் இது ஒரு காரணம். அந்தத் தடை தளர 1971 ஆயிற்று. ஆனால் சிந்தசைஸர், ஹார்மோனியம் அல்ல.

சிந்தசைஸரில் 'மோனோ' என்றொரு முறை உண்டு. ரயில்வேயில் ஒற்றைப் பாதைப் பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு வண்டியைத்தான் விடுவோம். அதுபோல இம்முறையில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும். இது குறையல்ல, நம் தொண்டையும் நாகஸ்வரமும் அப்படித்தானே? ஒரு கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் அடுத்ததை அழுத்தினால் நாதம் அறுபடாமல் தொடரும். 'போர்ட்டமென்டோ'வையும் இயக்கினால் ஒரு ஸ்வரம் மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும். இடக்கைப் பக்கமுள்ள சக்கரத்தால் அசைவும் கொடுக்கலாம்.

அடுத்தது ஆஸிலேட்டர், அதாவது ஒலி அலையை உண்டாக்கும் மின்சுற்று. ஒன்றை விநாடிக்கு 440 அதிர்விலும் மற்றொன்றை 441-லும் வைத்தால், விநாடிக்கு ஒருமுறை ஒலி பெருகித் தணியும். இரண்டு நாகஸ்வரங்கள் சேர்ந்து வாசிக்கும்போது உண்டாகும் செழுமை இதுவே. ஆனால் தம்புரா மீட்டுபவர் இந்த அலைவு அடங்கும்வரை அல்லவா சுருதி சேர்க்கிறார்! ஆகவே அளவு முக்கியம். அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளியை 100 பங்காக்கினால், மேற்சொன்ன விலகல் சுமார் 4 பங்கு. ஒன்றை 2 பங்கு ஏற்றி, மற்றதை 2 பங்கு இறக்கினால் ஸ்வரம் நடுவில் நிற்கும். மேல் ஸ்தாயியில் அலைவு இரட்டிப்பு வேகமாகும் என்பதையும் மறக்கக் கூடாது.

இதற்கு நம் நகரிலேயே முன்னோடிகள் உண்டு. 1954-ல் வந்த 'நாகின்' படத்தில் கேட்கும் மகுடி, மகுடியே அல்ல. பின்னாளில் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற கல்யாண்ஜி, ஒற்றை ஸ்வரம் மட்டுமே ஒலிக்கும் 'கிளாவியோலின்' என்ற மின்கருவியில் வாசித்தது. 1982-ல் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாக வெளியிட்டார். ரோலண்ட் ஜூபிடர்-8 கருவியோடு, ஒற்றை ஸ்வரக் கருவியான டிபி-303-யும் பயன்படுத்தினார். அன்று அது அதிகம் விற்கவில்லை; 2010-ல் மறுவெளியீடு கண்டபோது உலகமே வியந்தது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விலை மலிவான கீபோர்டுகள் பலவற்றில் மோனோ முறை இருப்பதில்லை. வாங்குமுன் கேட்டுப் பாருங்கள். பிறகு, பிள்ளை முதலில் வாயால் பாடட்டும். பாடிய அசைவைத்தான் விரல் தேட வேண்டும். அதைக் கருவி தானாகக் கொடுக்காது.