வயலும் அடுக்களையும்: வேளாண்மை உபாத்தியாயரின் தொடர்கல்வி

கற்பிப்போர் தாமும் இடையறாது கற்றல் வேண்டும் என்பது எல்லாப் பாடங்கட்கும் பொதுவான விதியே. ஆயினும், வேளாண்மையையும் உணவு நுட்பத்தையும் உயர்தரப் பாடசாலைகளிற் போதிக்கும் உபாத்தியாயர்க்கு அஃது இன்றியமையாததாகும். சரித்திர ஆசிரியர் ஓர் ஆண்டை மாற்றிக் கூறின் புத்தகம் அப்பிழையைத் திருத்திவிடும். வேளாண்மை ஆசிரியர் பிழைபடின் பாத்தியிற் பயிர் வாடும், அடுப்பில் ரொட்டி கல்லாகும். இத்தகையோர்க்கு ஏற்ற பயிற்சி யாது என்பதை ஆஸ்திரேலிய தேசத்து உதாரணங்கொண்டு ஆராய்வோம்.

கோதுமையும் ஆட்டுரோமமும் மலிந்த நாடு அது. ஆயினும், 2012ஆம் ஆண்டில் அங்கு வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, வினவப்பட்ட ஆறாம் வகுப்பு மாணாக்கருள் நால்வரில் மூவர் பருத்திக் காலுறை பிராணிகளிடமிருந்து கிடைப்பதென்று எண்ணியிருந்தனர். நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் 2019ஆம் ஆண்டுமுதற் போதிக்கப்பட்ட தொழில்நுட்பப் பாடத்திட்டம், வேளாண்மையையும் உணவு நுட்பத்தையும் ஒரே பகுதியாக இணைத்தது. இணைப்பு நன்றே. ஆனால் பயிர்நூல் பயின்றவர் அடுக்களையையும், பாகசாஸ்திரம் பயின்றவர் வயலையும் விளக்கவேண்டிய நிலை நேர்வது இயல்பன்றோ? ஆசிரியர் பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுகளில் 100 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்னும் ஏற்பாடு அந்நாட்டில் 2011இல் உடன்படப்பெற்றது. மணிக்கணக்கு நிரம்புதல் எளிது. அறிவு நிரம்புதலே அரிது.

ஓர் எளிய வினாவை எடுத்துக்கொள்வோம். ஈஸ்டும் நீரும் சூடும் ஒரே அளவாயிருக்க, ஒருவகைக் கோதுமைமாவின் ரொட்டி உப்பி எழுகின்றது. மற்றொன்றின் ரொட்டி தட்டையாய்க் கிடக்கின்றது. காரணம் யாதென்று மாணவன் கேட்கின்றான். இதற்குரிய விடையின் ஒரு பாதி அடுக்களையிலும், மறு பாதி வயலிலும் உள்ளது.

அடுக்களைப் பாதி வருமாறு: கோதுமைப் புரதங்கள் நீருடன் கூடிப் பிசையப்படும்போது, குளூட்டன் என்னும் இழுபடும் பசையாகின்றன. ஈஸ்ட் உண்டாக்கும் கரியமில வாயுவைச் சிறைப்படுத்தி மாவை உயர்த்துவது இப்பசையே. இருவகை மாவினை ஒரே எடையில் தனித்தனி பிசைந்து, சிறிதுநேரம் ஊறவிட்டு, நீரில் மெல்லக் கசக்கி அலசுக. மாப்பொருள் வெண்ணீராய்க் கழியும். பசை கையில் எஞ்சும். ரொட்டிக்குரிய மாவில் அது மிகுதியாயும் உறுதியாயும், பிஸ்கோத்துக்குரிய மாவிற் குறைவாயும் இருப்பதைக் கையே உணர்த்தும்.

இனி வயற்பாதி: மணியின் புரதம் கோதுமை வகையைப் பொறுத்ததேயன்றி, மண்ணிலுள்ள நைட்ரஜனையும் பொறுத்தது. தொடக்கத்திற் கிடைக்கும் நைட்ரஜன் பெரும்பாலும் விளைவைப் பெருக்கும். கதிர்விடும் காலத்தும் அது போதுமான ஈரத்தோடு கிடைப்பின் மணியிற் புரதம் ஏறும். விளைவு மிகுந்து நைட்ரஜன் குறைந்தாலோ, மணிகள் பலவாகியும் புரதம் மெலியும். ஆகவே ரொட்டியின் குற்றம் சில வேளைகளில் உரமிட்ட நாளிலேயே தோன்றிவிடுகின்றது.

இவ்விரு பாதிகளையும் இணைத்துக் காட்டியவர் அத்தேசத்திலேயே இருந்தனர். நிலமளக்கும் உத்தியோகத்தை விட்டுக் கோதுமை ஆராய்ச்சியிற் புகுந்த வில்லியம் பாரர் (1845–1906), புதிய கலப்பினங்களை உண்டாக்கினார். ஒவ்வோர் இனத்திலும் கிடைத்தவை சில கைப்பிடி மணிகளே. அவற்றை அரைத்து மாவின் தன்மையைச் சோதிக்கும் பொருட்டு, இரசாயன வல்லுநராகிய கத்ரி என்பார் 1890களில் ஒரு சிற்றாலையைப் பயன்படுத்தினார். வயலறிஞர் ஒருவரும் ஆய்வுக்கூட அறிஞர் ஒருவரும் ஒருவரையொருவர் வினவி உழைத்தமையால், விளைவோடு மாவின் தரமும் கருதப்படலாயிற்று. பாரரின் புகழ்பெற்ற பெடரேஷன் என்னும் இனத்தின் முன்னோருள் எடாவா என்னும் இந்தியக் கோதுமையும் ஒன்று என்பது நமக்கு உவப்பளிக்கும் செய்தியாம்.

ஆதலின், இவ்வுபாத்தியாயர்க்குரிய பயிற்சி மூன்று இயல்புகளை உடைத்தாயிருத்தல் வேண்டும். முதலாவது, வயலாசிரியரும் அடுக்களையாசிரியரும் ஒருங்கிருந்து ஒரே வினாவை ஆராய்தல். இரண்டாவது, பிரசங்கம் கேட்பதோடமையாது, பாத்தியிற் கை அழுக்காகவும் மாவிற் கை ஒட்டவும் தாமே செய்து பார்த்தல். மூன்றாவது, பயிர் ஒரு நாளில் விளைவதன்று. ஆகவே பயிற்சியும் ஒரு நாளில் முடியாது, விதைப்பு முதல் அறுவடை வரை இடையிடையே கூடிப் பெற்ற பலனை ஒப்பிடுதல்.

இதனை வாசிக்கும் மாணவ நண்பர்களுள் ஆசிரியத் தொழிலை மேற்கொள்வோர் பலர் இருக்கலாம். "தெரியாது, வா, செய்து பார்ப்போம்" என்று மாணவனிடம் கூற நாணாதீர். அங்ஙனம் கூறும் உபாத்தியாயரிடத்திற் பயின்றவன் உழவனாயினும், சமைப்போனாயினும், உண்போன் மாத்திரமேயாயினும், தன் கையிலுள்ள ஒரு துண்டு ரொட்டியில் ஒரு வயல் முழுவதையும் காண்பான்.