செத்த காது சொல்லாத சேதி

போன வாரம் ஒலியைச் செவிப்பறையிலிருந்து மூன்று சிற்றெலும்புகள் வழியே உட்செவியின் வாசல்வரை கொண்டுவந்து விட்டோம். வாசலுக்கு அப்பால் இருப்பது காக்ளியா. நத்தை ஓடுபோல் சுருண்ட குழாய்; நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். உள்ளே திரவம், நடுவே ஒரு மெல்லிய சவ்வு.

புடாபெஸ்ட்டில் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வேலைபார்த்த கியார்க் வான் பெக்கெசி, இறந்தவர்களின் காதைத் திறந்து, விட்டுவிட்டு மின்னும் வெளிச்சத்தில் அந்தச் சவ்வைப் பார்த்தார். ஒலி அதன்மேல் அலையாக ஓடியது. கீச்சொலி வாசலருகிலேயே உச்சம் தொட்டு அடங்கியது. கட்டை ஒலி கடைக்கோடிவரை போனது. திரவம் நிரப்பிய குழாயில் இதே ஏற்பாட்டை மாதிரியாகவும் செய்தார். அதன்மேல் முன்கையை வைத்தால், சுருதி மாற மாற அதிர்வும் கையில் இடம் மாறும். 1961-இல் நோபல் பரிசு வந்தது.

ஒரு நெருடல் மட்டும் மிச்சம். அவர் கண்ட அலைமுகடு அகலமானது. நம் காதோ நூலிழை வித்தியாசமுள்ள சுருதிகளையும் பிரித்துவிடுகிறது. எப்படி?

விடையை 1948-லேயே ஓர் இளைஞர் சொல்லியிருந்தார். போர்க்காலத்தில் ரேடார் வேலை பார்த்துவிட்டு கேம்பிரிட்ஜுக்கு வந்த தாமஸ் கோல்டு. திரவத்துக்குள் அதிரும் சவ்வு, தண்ணீரில் முக்கிய பியானோ போல உடனே ஓய்ந்துவிட வேண்டும். ஓயவில்லை என்றால், ஊஞ்சலைத் தாளம் தவறாமல் தள்ளிவிடுவது போல உள்ளிருந்து ஏதோ ஒன்று அதைத் தள்ளுகிறது என்றார். அப்படித் தள்ளினால், கல்யாண வீட்டு மைக் திடீரென்று வீலென்று கத்துவதுபோல, காதும் எப்போதாவது ஒலி எழுப்ப வேண்டுமே? எழுப்பும் என்றார் கோல்டு. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் காதுத் துளையில் ஒரு நுண்ணிய மைக்கைப் பொருத்தி, 'டிக்' என்று ஒரு சத்தம் அனுப்பினார். சில மில்லிவினாடி கழித்துக் காதிலிருந்து பதில் ஒலி வந்தது. தள்ளும் கை எதுவென்பது 1985-இல் தெரிந்தது. மின்னழுத்தம் மாறினால், அந்தச் சவ்வின்மேல் இருக்கும் புற மயிர்ச்செல்கள் நீண்டு சுருங்குவதை வில்லியம் பிரவுனெல் காட்டினார். ஒரு காதில் அவை சுமார் 12,000. அவற்றை ஆட்டுவிக்கும் புரதமான பிரெஸ்டின் 2000-இல் பிடிபட்டது.

அதே ஆண்டில் நியூயார்க்கிலும் பாரிஸிலும் இயற்பியலாளர்கள் இதற்குக் கணித மாதிரி தந்தார்கள். மைக் கத்துவதற்கு ஒரு மயிரிழை முன்பு வால்யூமை நிறுத்தி வைத்தால் எப்படியோ, அப்படி ஒரு விளிம்பில் காது நிற்கிறது. அங்கே மெல்லிய ஒலிக்குப் பெருக்கம் மிக அதிகம். பேரொலிக்கு மிகக் குறைவு. ஒலியழுத்தம் ஆயிரம் மடங்கு ஏறினாலும் சவ்வின் ஆட்டம் பத்து மடங்குதான் ஏறும். கிசுகிசுப்பும் கேட்டு, வெடிச்சத்தத்தையும் நாம் தாங்குவது இதனால்தான்.

பெக்கெசியின் கண்ணில் தவறில்லை. பெருக்கி இயங்க உயிர் வேண்டும். அவர் பார்த்தவை உயிரற்ற காதுகள்.

கெம்ப் கேட்ட அந்தப் பதில் ஒலிதான் இன்று பச்சிளங்குழந்தைகளின் செவித்திறன் சோதனை. குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும். உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் மருத்துவமனையில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். புற மயிர்ச்செல்கள் மனிதருக்கு ஒருமுறை போனால் மறுபடி முளைப்பதில்லை.

(தொடரும்)