நெஞ்சுக்கு நேரே நிற்கும் தண்டு

பழைய ஜீப்பின் ஸ்டீயரிங்கில் ‘ப்ளே’ அதிகமாகிவிட்டால், அதே மாதிரித் தண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டுவதுதான் வழக்கம். கண்காட்சியில் நிற்கிற வண்டிக்கு அது சரி. நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டிக்கு அது தவறான செலவு என்பது என் கட்சி. 1941இல் போருக்காக வந்த வில்லிஸ் எம்பி ஜீப்பைப் பாருங்கள். ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து முன்பக்கத்து ஸ்டீயரிங் பாக்ஸ் வரை ஒரே நேர்த்தண்டு. நடுவில் மூட்டு கிடையாது. ராஸ் வகை பாக்ஸுக்குள் லீவரை நகர்த்தும் மரை வெட்டிய உருளைகூட அந்தத் தண்டின் அடிமுனையிலேயே இருக்கிறது. ஹாரன் ஒயர் தண்டின் குழலுக்குள் இறங்குகிறது. 1947 முதல் மஹிந்திரா பம்பாயில் பூட்டிய ஜீப்புகளும் இந்தப் பரம்பரைதான். எளிமையான அமைப்பு, காட்டில் வைத்தும் பழுது பார்க்கலாம். ஆனால் வண்டி எதிலாவது நேராக மோதினால், நசுங்கிப் பின்னே வரும் முன்பாகம் அந்தத் தண்டையும் சேர்த்துத் தள்ளும். ஓட்டுபவர் முன்னே பாய்கிற அதே நொடியில் ஸ்டீயரிங் அவரை நோக்கி வரும்.

கார்களில் இதற்கு மாற்று எப்போதோ வந்துவிட்டது. 1967 மாடல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் பொருத்திய தண்டின் வெளிக்குழாயில் வலைபோல வெட்டு இருந்தது. அடி விழுந்தால் அது காகித விளக்குக்கூடு மாதிரி மடங்கிச் சுருங்கும். அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் கார்களுக்கு இது விதியாயிற்று: மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலும் ஸ்டீயரிங் 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னே வரக்கூடாது. இத்தகைய தண்டுகளால் நேர் மோதல்களில் ஓட்டுநர் சாவு சுமார் 12 விழுக்காடு குறைந்ததாக அந்நாட்டு அரசின் 1981 ஆய்வு கணித்தது. ஜீப் வகை வண்டிகளுக்கு இந்த விதி வந்து சேர்ந்ததோ அதே 1981இல்தான். காட்டு வண்டிக்கு இது எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ!

வில்லிஸில் இப்படிச் சுருங்கும் தண்டை மட்டும் தனியாகப் பொருத்த முடியாது. பாக்ஸோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். சாகினா வகை பாக்ஸைச் சேஸிஸில் பூட்டி, அதற்கும் சுருங்கும் மேல்தண்டுக்கும் நடுவில் இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட் கொண்ட சின்னத் தண்டைச் சேர்ப்பது பரவலான வழி. அடி விழுந்தால் அந்த இணைப்பு முழங்கால் போல மடங்கும். கவனம் தேவைப்படும் இடமும் இதுதான். 30 டிகிரி வளைந்த ஒரே ஜாயின்ட், சக்கரத்தைச் சீராகத் திருப்பினாலும் ஒரு சுற்றுக்குள் 13 விழுக்காடு மெதுவாகவும் 15 விழுக்காடு வேகமாகவும் மாறி மாறிச் சுழலும். இரண்டு ஜாயின்ட்டின் கவைகளும் ஒரே வாட்டத்தில், சம கோணத்தில் இருந்தால்தான் ஒன்றின் கோளாறை மற்றது சரிக்கட்டும். பழைய இரும்புக் கடையில் வாங்கும் மேல்தண்டையும் அப்படியே நம்பக் கூடாது. அதன் இரு துண்டுகளையும் பிடித்திருப்பவை சின்ன பிளாஸ்டிக் ஆணிகள். சக்கரத்தைக் கழற்றத் தண்டின் தலையில் யாராவது சுத்தியலால் தட்டியிருந்தாலே அவை அறுந்திருக்கும். டேஷ்போர்டில் உடைந்து விலக வேண்டிய பிடியை வெல்டிங் வைத்து இறுக்கிவிட்டாலோ, புதுத் தண்டும் பழைய தண்டாகிவிடும்.

சீட் பெல்ட் போதாதா என்பார்கள். பெல்ட் ஆளைப் பிடிக்கும், பின்னே வரும் தண்டைப் பிடிக்காது. ஜீப் என்ன வேகமாகவா போகிறது என்றால், எதிரே வரும் பேருந்து அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அசல் தன்மை போய்விடும் என்ற வருத்தத்தில்தான் நியாயம் அதிகம். வண்டியில் மாற்றம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய அது அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது 2021 விதி. ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டே கை வைக்க வேண்டும். சேஸிஸை வெட்டாமல், போல்ட் போட்டுப் பூட்டும் தாங்கியைத் தேர்ந்தெடுத்தால் திரும்பும் வழியும் திறந்தே இருக்கும். கழற்றிய ராஸ் பாக்ஸைத் தண்டோடு கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி வைத்தால் போதும். வண்டியைக் கண்காட்சிக்கு அனுப்பும் நாளில் மறுபடி பூட்டிக்கொள்ளலாம்.