ஃபார்மட் போடுவதற்கு முன்

"மாப்ளே, கம்ப்யூட்டர்ல நெட்டு வரல. பையன் ஃபார்மட் போட்டுடலாம்ங்கிறான். போட்டுடச் சொல்லவா?"

போனில் மாமா. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சின்ன அச்சகம் அவருடையது. "யாரையும் தொட விடாதீங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் ஒரே மருந்துதான், ஃபார்மட். மாமாவின் கம்ப்யூட்டர் அந்த மருந்தைத் தாங்காது. அது விண்டோஸ் 7. அதில் பேஜ்மேக்கர் 7 இருக்கிறது, 2001-இல் வந்த கடைசிப் பதிப்பு. அதற்கான தமிழ் எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முந்தைய ரகம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஃபைலைத் திறந்தால் "திருநிறைச்செல்வி" இருக்க வேண்டிய வரியில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் நிற்கும். எழுத்துரு மென்பொருளுக்கு ஒரு டாங்கிள் உண்டு, அதன் சிடி எப்போதோ தொலைந்துவிட்டது. ஃபார்மட் போட்டால் நெட் வரலாம், கடை போய்விடும்.

நான் போனபோது பையன் கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்துகொண்டிருந்தான். கறுப்புத் திரையில் ஏதோ ஒரு வரி வந்தது. யோசிக்காமல் எஃப்1-ஐத் தட்டினான்.

"அது என்னப்பா?"

"தினமும் வரும்ணே. எஃப்1 அடிச்சா போயிரும்."

அந்த வரியில்தான் பாதி விடை இருந்தது. டெஸ்க்டாப் வந்ததும் வலது மூலையைப் பார்த்தேன். தேதி 2009 ஜனவரி 1. குரோமைத் திறந்தால் வாட்ஸ்அப் வெப் வரவில்லை. 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று குரோம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அதை ஒருவரும் படிக்கவில்லை.

கடிகாரத்துக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று அதில் இருக்கும். கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தைப் பார்க்கிறது. 2009-இல் நிற்கிற கம்ப்யூட்டருக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் கதவைச் சாத்திவிடுகிறது. விண்டோஸ் தானாக நேரத்தைத் திருத்திக்கொள்ளாதா என்றால், சின்னப் பிசகைத் திருத்தும். வீடு, கடைகளில் தனியாக இருக்கும் கம்ப்யூட்டரில் வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் தொடாது. பெரிய தப்பைத் திருத்த அதற்குத் தைரியம் போதாது போலிருக்கிறது.

தேதியைக் கையால் மாற்றினேன், அடுத்த நிமிடம் வாட்ஸ்அப் வந்தது. ஆனால் மாமா ராத்திரி கடையைப் பூட்டும்போது மெயினையே அணைத்துவிட்டுப் போகிறவர். மறுநாள் காலை மறுபடி 2009 வந்துவிடும். மதர்போர்டில் ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், பெயர் சிஆர்2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதுதான் அந்த எண். கரன்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. எதிர்த்த வாட்ச் கடையில் நாற்பது ரூபாய். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓரத்திலிருந்த கிளிப்பை நகத்தால் தள்ளினேன், பழசு துள்ளி வெளியே வந்தது. எழுத்துப் பொறித்த பக்கம் மேலே தெரியும்படி புதியதை அழுத்தினேன். எஃப்1 கேட்பதும் அதோடு நின்றது.

பத்து நாள் நிம்மதி. மறுபடி போன். இந்த முறை நெட்வொர்க் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. மவுஸைக் கொண்டுபோனால், சார்ந்திருக்கும் சேவை தொடங்கவில்லை என்ற பொருளில் ஒரு வாசகம். எண் போட்டுச் சொன்னால் பிழை 1068.

இந்த 1068-ஐப் போலக் குழப்புகிற பிழை குறைவு. யார் மேல் புகார் வருகிறதோ அவர் மேல் தப்பு இருக்காது. விண்டோஸுக்குள் திரைக்குப் பின்னால் ஓடும் சிறு வேலையாட்களுக்குச் சர்வீஸ் என்று பெயர். ஐபி முகவரி வாங்கித் தருகிறவர் டிஎச்சிபி கிளையன்ட். இணையதளப் பெயரை எண்ணாக மாற்றித் தருகிறவர் டிஎன்எஸ் கிளையன்ட். இந்த இருவருமே நெட்வொர்க் ஸ்டோர் இன்டர்ஃபேஸ் என்ற ஒருவரை நம்பியிருக்கிறார்கள். சமையல்காரர் தயார், பரிமாறுகிறவர் தயார், ஸ்டோர் ரூம் சாவி வைத்திருப்பவர் மட்டும் வரவில்லை. பந்தி நடக்குமா?

ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்தேன். டிஎச்சிபி கிளையன்ட் மேல் இரண்டு கிளிக், டிபென்டன்சீஸ் என்ற பக்கம். அவர் யார் யாரை நம்பியிருக்கிறார் என்ற பட்டியல் அங்கே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக விசாரித்தால், நெட்வொர்க் ஸ்டோர் இன்டர்ஃபேஸ் சர்வீஸ் எதிரே 'டிஸேபிள்டு'. பையனைப் பார்த்தேன், அவன் கீபோர்டைப் பார்த்தான். 'பழைய கம்ப்யூட்டரை ஜெட் வேகத்தில் ஓட்ட இந்தச் சர்வீஸ்களை நிறுத்துங்கள்' என்று ஏதோ வீடியோ. 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி, ரீஸ்டார்ட் செய்தேன். பெருக்கல் குறி போயிற்று. அந்த மாதிரி வீடியோ போடுகிறவர்களைப் பேஜ்மேக்கரில் நூறு பத்திரிகை அடிக்க வைக்க வேண்டும்.

குறி சிவப்பாக இல்லாமல் மஞ்சள் முக்கோணமாக இருந்தால் கதை வேறு. விஸ்டா தொடங்கி வந்த விண்டோஸ், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஒரு குட்டிக் கோப்பைக் கேட்டுப் பார்க்கும். விண்டோஸ் 7 கேட்கிற கோப்பில் 'மைக்ரோசாஃப்ட் என்சிஎஸ்ஐ' என்ற இரண்டே சொற்கள். அவை வந்து சேராவிட்டால் மஞ்சள் முக்கோணம். நெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே முக்கோணமும் நிற்பது இதனால்தான். கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் அடித்து, முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். முகவரி சரியாக இருந்தால் 8.8.8.8-ஐ பிங் செய்யலாம். அதற்குப் பதில் வந்து, கூகுள் என்ற பெயருக்கு வராவிட்டால் கோளாறு டிஎன்எஸ்ஸில். ஆன்டிவைரஸை நீக்கிய பிறகு நெட் போனதென்றால், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் நெட்எஸ்ஹெச் வின்சாக் ரீசெட். அது விட்டுப்போன மிச்சசொச்சத்தைத் துடைத்துவிடும். ரீஸ்டார்ட் செய்யாவிட்டால் பலன் இல்லை.

ஆனால் எந்தப் பேட்டரியாலும் சரியாகாத விஷயங்களும் உண்டு, மாமாவிடம் அதையும் சொன்னேன். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டன. அதில் ஓடும் கடைசி குரோம் 109, 2023-இல் வந்தது. இன்றைக்கு ஒரு தளம் திறக்கவில்லை என்றால் கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லாமல் இருக்கலாம், தளம் இந்த பிரவுசரைத் தாண்டிப் போயிருக்கும். அதனால் பேங்க் வேலையெல்லாம் போனில், கம்ப்யூட்டரில் பத்திரிகை மட்டும் என்று பிரித்துக்கொள்ளச் சொன்னேன். ஃபைல்களை ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்தோம்.

நகல் ஓடிக்கொண்டிருந்தபோது மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். "மாப்ளே, ரெண்டு வாரம் முன்னாடி ஒரு தை மாசக் கல்யாணம் டைப் பண்ணி வச்சேன். புதுசா பண்ணினதெல்லாம் மேலதான நிக்கும்? எவ்வளவு தேடியும் காணல. பார்ட்டி ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டாங்க."

பட்டியலைக் கடைசிவரை உருட்டினேன். பழைய காதுகுத்து, மஞ்சள் நீராட்டு பத்திரிகைகளுக்கெல்லாம் கீழே இருந்தது அந்தத் தை மாசக் கல்யாணம். ஃபைல் தேதி 2009 ஜனவரி 1.