கேத்தலும் பிரபுவின் கவலையும்

பிள்ளை விஞ்ஞானம் படித்தால் டாக்டராகலாம், எஞ்சினியராகலாம் என்பது இங்கிலாந்தில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலரின் கணிப்பு. விஞ்ஞானக் கல்வி எதற்காக என்னும் இவ்வினாவை ஒட்டி, இதே நாட்டிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த கதையொன்று அவர்கள் அறிந்திருக்க வேண்டியதாகும்.

ஹம்ப்ஷயரில் கிங்ஸ் சொம்போர்ன் என்னும் விவசாயக் கிராமத்தில் 1842ஆம் ஆண்டு பாடசாலை ஒன்று திறக்கப்பட்டது. நிறுவியவர் அவ்வூர்த் தேவாலயத்தின் மதகுருவாகிய றிச்சட் டோஸ். கேம்பிரிட்ஜில் கணிதம் கற்பித்தவர். கூலித் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைவு. வசதியுள்ள கமக்காரரின் பிள்ளைகளுக்குக் கூடுதல். ஆனால் இரு சாராரும் ஒன்றாகவே இருந்து படித்தனர்.

அங்கு விஞ்ஞானம் வீட்டுப் பொருள்களிலிருந்தே ஆரம்பமாயிற்று. கேத்தலின் கைபிடிக்கு மரம் ஏன்? புல்லின்மேற் பனித்துளி வந்தது எங்கிருந்து? பம்பில் நீர் மேலேறுவது எதனால்? இத்தகைய வினாக்களோடு சேர்ந்தே வாசிப்பும் எழுத்தும் கணக்கும் வளர்ந்தன. கூலியாளின் பிள்ளையும் தன் புத்தியைக் கொண்டு சிந்திக்கவேண்டும் என்பதே டோஸ் அவர்களின் நோக்கம். டார்வினின் ஆசிரியரான ஹென்ஸ்லோ அவர்களும் சபோக்கில் ஹிச்சம் கிராமத்துச் சிறுவர்களுக்குத் தாவரவியல் கற்பித்து வந்தார். அரசாங்கப் பரிசோதகர் ஹென்றி மோஸ்லி, டோசின் பாடசாலையை வெகுவாகப் பாராட்டினார்.

ஆயினும் எல்லோரும் மகிழவில்லை. பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் 1860ஆம் ஆண்டுத் தலைவரான ரொட்டஸ்லி பிரபு, ஏழைப் பிள்ளைகளின் வகுப்பொன்றிலே உடல் ஊனமுற்ற சிறுவன் ஒருவன் தெளிவாக விடையளித்த கதையை எழுதியிருக்கிறார். அச்சிறுவனை அவர் வியந்தார். கூடவே வெட்கமும் கொண்டார். தாழ்ந்த நிலையிலுள்ளோர் மேல்நிலையிலுள்ளோரை அறிவில் விஞ்சுவது சமூகத்துக்கு ஆகாது என்பது அவர் கருத்து. இவர் வானியல் அறிஞர் என்பதே இதில் வேடிக்கை. விஞ்ஞானத்தை அவர் வெறுக்கவில்லை. அது யாருக்கு உரியது என்பதிலேதான் பேதம்.

1862இல் புதிய கல்வி விதிகள் வந்தன. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் மாணவர் பெறும் சித்தியையும் அவர்களின் வரவையும் பொறுத்தே அரசாங்கப் பணம் கிடைக்கும் என்றாயிற்று. ஆசிரியர்கள் வேறென்ன செய்வர்? பணம் தராத பாடம் பின்தள்ளப்பட்டது. கேத்தலைப் பற்றிய கேள்வியும் வகுப்பறையை விட்டகன்றது. டோஸ் 1867இல் காலமானார்.

இன்று நிலைமை வேறு. 1988ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஆங்கிலம், கணிதத்தோடு விஞ்ஞானத்தையும் அடிப்படைப் பாடமாக்கியது. அன்று ஏழைக்கு மறுக்கப்பட்டது இன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று.

ஆனால் சோதனைப் புள்ளிக்காக மட்டும் படிக்கும் வழக்கம் மறையவில்லை. பாடசாலையால் வரும் பிள்ளையிடம் எத்தனை புள்ளி என்று கேட்பது பெற்றோரின் கடமையே. அத்தோடு, இன்று என்ன கேள்வி கேட்டாய் என்றும் கேட்கலாம். அதற்கு மேசையும் கருவியும் வேண்டியதில்லை. அடுப்பிலே தண்ணீர் கொதிக்கும் நேரம் போதும்.